டேலி ஆகணும்! (குறுக்கெழுத்துப் புதிரின் கதை)

எங்க பெரியப்பா ஒரு கூட்டுறவு வங்கியில் கணக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். தினமும் காலையில் காபி டம்ளர் ஒரு பக்கம், மடித்த ஹிண்டு பேப்பர் ஒரு பக்கம், நடுவில் பென்சில். ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுவார். சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பைப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. அதற்கு 'கிரிப்டிக்' என்று பெயர்.

பன்னிரண்டாம் வகுப்பு லீவில் அவர் வீட்டில் இருந்தபோது ஒரு நாள் கேட்டேன். "பெரியப்பா, நேத்து போட்டதுக்கு இன்னிக்கு விடை வந்திருக்கே, சரியான்னு பார்க்க மாட்டீங்களா?"

"எதுக்குடா பார்க்கணும்? அதான் டேலி ஆயிடுச்சே" என்றார்.

அப்போது ஒன்றும் புரியவில்லை. பி.காம். சேர்ந்து, முதல் வருடம் இரட்டைப் பதிவு முறை நடத்தும்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் இரண்டு இடத்தில் எழுதுகிறோம், ஒன்று பற்று, இன்னொன்று வரவு. இரண்டு பக்கக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போனால்தான் நிம்மதி. கிரிப்டிக் குறிப்பும் அதேதான்! ஒரே விடையை இரண்டு தடவை, இரண்டு விதமாகச் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால் மறுநாள் பேப்பருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த விதி ஒரே நாளில் வந்ததில்லை. இதற்குப் பின்னால் சுமார் நாற்பது வருட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் மூன்று உதாரணம்

ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் எழுதினால் சுவை போய்விடும் என்பதால் நானே தமிழில் மூன்று செய்து பார்த்தேன். புள்ளி வைத்த எழுத்தையும் ஒரு எழுத்தாக எண்ணிக்கொள்ளுங்கள். அடைப்புக்குறியில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

குருவிடம் ஒளிந்திருக்கும் பறவை (3)

படித்தவுடன் ஆசிரமம், சாமியார், கூண்டுக்கிளி எல்லாம் மனதில் வரும். அதெல்லாம் திசைதிருப்பல். 'குருவிடம்' என்ற சொல்லுக்குள்ளேயே பாருங்கள். 'குருவி' உட்கார்ந்திருக்கிறது. "பறவை" என்பது நேர்ப்பொருள். "குருவிடம் ஒளிந்திருக்கும்" என்பது சொல்விளையாட்டு. இரண்டும் ஒரே விடையைக் காட்டுகின்றன.

தலை, விடு இடம் மாறினால் சுதந்திரம் (4)

இதற்கு விளக்கமே வேண்டாம். விடுதலை.

தண்ணீரின் தலைக்குப் பின் எலியின் வீடு, மழைக்காலப் பாடகர் (3)

'தண்ணீர்' என்ற சொல்லின் தலை 'த'. எலியின் வீடு 'வளை'. சேர்த்தால் தவளை. மழைக்காலத்தில் பாடுவது அதுதானே :-)

இப்போது இன்னொன்று: "ராத்திரி தூங்க விடாது (3)". தவளையா? காதலா? கடனா? மூன்றுமே மூன்றெழுத்து, மூன்றுமே தூங்க விடாது. எது சரி என்று அமைத்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்குப் புத்தகம் மாதிரி. இப்படிப்பட்ட குறிப்பை எதிர்த்துத்தான் சிலர் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டார்கள்.

அமெரிக்காவில் பிறந்த குழந்தை

குறுக்கெழுத்து பிறந்த தேதியே நமக்குத் தெரியும். 1913 டிசம்பர் 21. 'நியூயார்க் வேர்ல்ட்' என்ற நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். இவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போனவர். அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. கொஞ்ச நாளில் அது திரும்பி 'கிராஸ்-வேர்ட்' ஆகிவிட்டது.

1924-இல் சைமன், ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் பதிப்பகம் தொடங்கி, முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பை வெளியிட்டார்கள். கூடவே ஒரு பென்சிலும் கொடுத்தார்கள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது, நாடு முழுக்கப் பைத்தியம் பிடித்தது. நியூயார்க் டைம்ஸ் அந்த வருடம் இதைக் கேலி செய்து எழுதியது. அதே நியூயார்க் டைம்ஸ் 1942 பிப்ரவரி 15-இல் தானே குறுக்கெழுத்து வெளியிடத் தொடங்கியது. போர்க்காலம், வாசகர்களுக்கு ஏதாவது மனமாற்றம் வேண்டியிருந்தது. கேலி செய்தவர்களே கடை போட்ட கதை!

ஆனால் இந்த அமெரிக்கப் புதிர்கள் எல்லாம் நேரடியானவை. பொருளைச் சொல்வார்கள், சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான். குறிப்பிலேயே பொய் முகம் வைக்கும் வேலை இங்கிலாந்தில்தான் ஆரம்பித்தது.

சித்திரவதைக்காரர்கள் வருகிறார்கள்

லண்டன் டெய்லி டெலிகிராஃப் 1925 ஜூலை 30-இல் குறுக்கெழுத்தைத் தொடங்கியது. டைம்ஸ் நாளிதழ் 1930 பிப்ரவரி 1-இல். டைம்ஸுக்கு முதல் புதிரை அமைத்த ஏட்ரியன் பெல், சஃபோக் பகுதியில் விவசாயம் செய்துகொண்டு எழுத்தாளராகவும் இருந்தவர். அந்த வேலை தேடி வந்தபோது அவர் ஒரு குறுக்கெழுத்தைக்கூடப் போட்டு முடித்ததில்லையாம். அப்புறம் ஆயிரக்கணக்கில் அமைத்தார். எனக்கு இது பெரிய ஆறுதல் :-)

இவர்களுக்கு நடுவில் 1926-இல் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் ஒருவர் நுழைந்தார். பெயர் எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ். கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஆயிரத்தொரு இரவுகளை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். நம் நாட்டு சமஸ்கிருதக் கவிஞர் பில்ஹணரின் காதல் கவிதைகளையும் ஆங்கிலத்தில் தந்தவர். குறுக்கெழுத்துக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டார்க்கிமாடா'. ஸ்பெயினில் மதவிசாரணை என்ற பெயரில் மக்களை வதைத்த தலைமை விசாரணை அதிகாரியின் பெயர் அது! வாசகர்களை என்ன பாடு படுத்தப்போகிறார் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்.

குறிப்பு என்றால் நேர்ப்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை உடைத்தவர்களில் இவர் முக்கியமானவர். சொல்லைக் கலைத்தார், திருப்பினார், வெட்டி ஒட்டினார். ஆனால் விதி என்று எதுவும் இல்லை. சில குறிப்புகளில் பாதி விளக்கம் தாளில் இருக்கும், மீதி அவர் மனதில் இருக்கும். "ராத்திரி தூங்க விடாது" ரகம். அவருடைய படிப்பும் வாசகரின் படிப்பும் ஒரே அலமாரியிலிருந்து வந்திருந்தால்தான் பிழைக்க முடியும்.

1939-இல் டார்க்கிமாடா இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் டெரிக் சோமர்செட் மக்நட், கிரேக்கமும் லத்தீனும் நடத்திய பள்ளி ஆசிரியர். அவரும் ஒரு மதவிசாரணை அதிகாரியின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார், 'ஜிமெனஸ்'. ஆனால் பெயரில்தான் கொடுமை, ஆள் நியாயவாதி.

விதி எழுதியவர்கள்

விதியைத் தெளிவாக முதலில் எழுதி வைத்தவர் இன்னொருவர். பாதிரியாரும் தலைமை ஆசிரியருமான ஏ. எஃப். ரிட்சி. அவர் புனைபெயர் 'அஃப்ரிட்'. அரபுக் கதைகளில் வரும் பூதம். அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் ரிட்சியின் முதல் பாதியையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் படியுங்கள், பூதம் வந்து நிற்கும். பெயரே ஒரு ஒளிந்த விடை!

1949-இல் வந்த தன் புத்தகத்தில் அவர் வைத்த வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். புதிர் அமைப்பவர் ஏமாற்றலாம். குறிப்பின் மேல்தோற்றம் வேறு எதையாவது பேசட்டும், பரவாயில்லை. ஆனால் அவர் மனதில் நினைத்த விஷயம் அந்த வார்த்தைகளுக்குள் முழுசாக இருந்தே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு "நீங்களே புரிந்துகொள்ளணும்" என்று கையை விரிக்கக் கூடாது.

ஜிமெனஸ் இதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் நடைமுறைப்படுத்தினார். வாசகர்களையே குறிப்பு எழுதச் சொல்லிப் போட்டி வைப்பார். வந்தவற்றில் எது நியாயம், எது அநியாயம், ஏன் என்று விமர்சனம் எழுதி அச்சடித்து அனுப்புவார். 1966-இல் இதையெல்லாம் புத்தகமாகவும் எழுதினார். 1971-இல் அவர் மறைந்த பிறகு, 1972-இல் அந்த இடத்துக்கு ஜொனாதன் கிரவுதர் வந்தார். புனைபெயர் 'அஜெட்'. டெசா என்ற இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரைத் தலைகீழாகப் படித்தால் வருவது. பரம்பரை விடவில்லை பாருங்கள்.

இந்தப் பள்ளியின் சட்டம் சுருக்கமாக மூன்றே வரி. ஒரு சரியான நேர்ப்பொருள் வேண்டும். ஒரு நியாயமான சொல்விளையாட்டு வேண்டும். வேறு எதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கணக்கில் சேராத ஒரு வார்த்தைகூடத் தொங்கக் கூடாது. சஸ்பென்ஸ் அக்கவுண்டே கிடையாது!

பிசினஸ் லா வகுப்பில் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 படித்தபோது 17-ஆம் பிரிவில் மோசடி என்றால் என்ன என்று வந்தது. ஏமாற்றும் எண்ணத்தோடு, உண்மையில்லாததை உண்மை என்று சொல்வது அதில் முதல் வகை. அன்றைக்கு எனக்குத் தோன்றியது இதுதான். கிரிப்டிக் குறிப்பில் ஏமாற்றும் எண்ணம் நூறு சதவீதம் இருக்கிறது. ஆனால் உண்மையில்லாத ஒரு வார்த்தைகூட இல்லை. "குருவிடம் ஒளிந்திருக்கும் பறவை" அப்பட்டமான உண்மை. நாம்தான் ஆசிரமத்துக்குப் போனோம்.

கணக்கு சரி, வவுச்சர் எங்கே?

இரண்டு பக்கமும் டேலி ஆனால் போதுமா? ஆடிட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும், போதாது. 1944-இல் நடந்த கதை இது.

டெலிகிராஃபின் புதிர் அமைப்பாளர் லெனார்ட் டாவ், ஸ்ட்ராண்ட் பள்ளியின் தலைமை ஆசிரியர். போரின்போது பள்ளி லண்டனிலிருந்து சர்ரே பகுதியின் எஃபிங்ஹாமுக்கு மாற்றப்பட்டிருந்தது. நேசப்படைகள் நார்மண்டியில் இறங்கப் பரம ரகசியமாகத் திட்டமிட்டுக்கொண்டிருந்த நேரம். மே 2-ஆம் தேதி புதிரில் ஒரு விடை 'யூட்டா'. அமெரிக்கப் படை இறங்க வேண்டிய கடற்கரையின் ரகசியப் பெயர்! மே 22-இல் 'ஒமாஹா', இன்னொரு கடற்கரை. மே 27-இல் 'ஓவர்லார்ட்', மொத்தப் படையெடுப்பின் பெயரே அதுதான். மே 30-இல் 'மல்பெரி', செயற்கைத் துறைமுகத்தின் பெயர். அடுத்து ஜூன் தொடக்கத்தில் 'நெப்டியூன்', கடற்படைப் பகுதியின் பெயர். படையெடுப்பு நடந்தது ஜூன் 6-இல்.

உளவுத்துறை எம்.ஐ.5 சும்மா இருக்குமா? வந்து டாவை விசாரித்தது. இத்தனைக்கும் 1942 ஆகஸ்டில் 'டியெப்' என்ற பிரெஞ்சுத் துறைமுகத்தின் பெயர் அவர் புதிரில் வந்து, இரண்டே நாளில் அங்கே தாக்குதல் நடந்து, அப்போதும் விசாரணை நடந்திருந்தது. கடைசியில் தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். அவர் குறிப்புகளில் எந்தத் தப்பும் இல்லை. நேர்ப்பொருள் சரி, விடை சரி. கேள்வி வேறு: அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

1984-இல் அவருடைய முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு விளக்கம் சொன்னார். டாவ் வெற்றுக் கட்டங்களைக் கொடுத்துப் பையன்களைச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம், பிறகு குறிப்பை மட்டும் அவர் எழுதுவாராம். பள்ளிக்குப் பக்கத்தில்தான் படைவீரர்கள் முகாம். பையன்கள் அங்கே சுற்றிக்கொண்டு, காதில் விழுந்த சொற்களைக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் டாவ் அந்த மாணவரின் நோட்டுகளை எரிக்கச் சொல்லி, வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாராம். டாவ் 1963-இலேயே இறந்துவிட்டதால் இது மாணவரின் வாக்குமூலம் மட்டுமே.

இதே போரில் இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 1942 ஜனவரியில் டெலிகிராஃப் ஒரு போட்டி நடத்தியது. 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். கலந்துகொண்ட சிலருக்குப் பிறகு அரசிடமிருந்து அழைப்பு வந்தது. ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை! ஒரே விளையாட்டு ஒருவருக்குச் சந்தேகத்தையும் இன்னொருவருக்கு வேலையையும் வாங்கிக்கொடுத்தது.

விதியை மீறியவர்

ஜிமெனஸ் விதிகளை எல்லாரும் ஏற்கவில்லை. கார்டியன் நாளிதழில் 1958 முதல் புதிர் அமைத்த ஜான் கிரஹாம் கொஞ்சம் தாராளமானவர். ஆங்கிலத்தில் 'குரங்குப் புதிர்' என்று அழைக்கப்படும் மரத்தின் அறிவியல் பெயரான 'அராகேரியா'வைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். கிறிஸ்தவப் பாதிரியார். விவாகரத்தால் பாதிரியார் பணியை விட வேண்டி வந்தபோது, புதிர்தான் சோறு போட்டது.

விதியைச் சில இடங்களில் வளைப்பார். சுத்த ஜிமெனஸ்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வாசகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஏன் என்பதற்கு 2013 ஜனவரி பதில் சொல்லும்.

அன்றைய கார்டியன் புதிரின் மேலே ஒரு சின்ன முன்குறிப்பு இருந்தது. அராகேரியாவுக்கு 19-இல் 18 வந்திருக்கிறது, அதற்கு 13, 15 சிகிச்சை நடக்கிறது என்று வெறும் எண்களாக. வாசகர்கள் வழக்கம்போல பென்சிலை எடுத்தார்கள். 18-க்கு விடை 'கேன்சர்'. 19-க்கு 'உணவுக்குழாய்' என்பதன் ஆங்கிலச் சொல். 13-ம் 15-ம் சேர்ந்து 'வலிதணிப்புச் சிகிச்சை'.

அவருக்கு அப்போது 91 வயது. தன் மரணச் செய்தியை வாசகர்களுக்கு அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த மொழியில் சொன்னார். முன்குறிப்பில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை. எழுத்து எழுத்தாக நிரப்பிய பிறகுதான் தெரியும், நிரப்புகிறவர் கைப்பட. அந்த வருடம் நவம்பர் 26-இல் அவர் இறந்தார்.

இதைப் படித்த பிறகு ஒன்று தோன்றியது. அஃப்ரிட் எழுதிய விதி வெறும் விளையாட்டு விதி இல்லை. "நான் உன்னைச் சுற்ற விடுவேன், ஆனால் நடுவழியில் கைவிட மாட்டேன்" என்ற வாக்கு அது. ஜிமெனஸ் அந்த வாக்கைச் சட்டமாக எழுதினார். அராகேரியா சட்டத்தை அங்கங்கே மீறினார், வாக்கை மீறவில்லை. கம்பெனிகளில்கூட எல்லா ஸ்டாண்டர்டையும் கடைப்பிடித்தும் நம்ப முடியாத பாலன்ஸ் ஷீட் உண்டு. துண்டுச் சீட்டில் எழுதினாலும் நம்பலாம் என்கிற அண்ணாச்சி கடைக் கணக்கும் உண்டு. விதி நம்பிக்கைக்காகத்தான், நம்பிக்கை விதிக்காக இல்லை.

நம்ம ஊர்ப் பக்கம்

ஒரு சொல்லில் இரண்டு பொருள் வைப்பது நமக்குப் புதுசா என்ன? சிலேடைக்குக் காளமேகப் புலவர் ஒருவர் போதுமே. விடுகதையும் நம் பாட்டிகளின் சொத்து. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் தமிழிலேயே இந்த வகைக் குறுக்கெழுத்துகளை அமைத்திருக்கிறார். தமிழில் உயிர்மெய் எழுத்தை உடைக்க முடியாது என்பதால் கலைத்துப் போடுவது ஆங்கிலத்தைவிடக் கஷ்டம். மேலே உள்ள மூன்று குறிப்பு செய்ய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது (காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்டுக்குப் படிக்க வேண்டிய ராத்திரிகள் என்பதை வீட்டில் சொல்லிவிடாதீர்கள்).

பெரியப்பாவுக்கு இப்போது பொடி எழுத்து தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனில் குறிப்பைப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வார், நான் எழுதுவேன். போன மாதம் ஒரு குறிப்பில் அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் விடையைச் சொல்லிவிட்டேன். சபாஷ் என்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்:

"டேலி ஆச்சா?"

"ஆச்சு பெரியப்பா."

"அப்ப அடுத்தது படி."

உங்களுக்கும் ஒன்று விட்டுப் போகிறேன்:

கம்பனின் தலைக்குப் பின் உழவர் தூவுவது, இலக்கியப் படைப்பு (3)

விடை சொல்ல மாட்டேன். டேலி ஆனால் உங்களுக்கே தெரியும் :-)